நான்காவது அர்த்தம்

மிஸ் பலகையில் அந்தச் சொல்லை எழுதியதுமே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஃபாஸ்ட்.

தெரிந்த சொல். கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்த முதல் கிழமையே காதில் விழுந்தது. கடையில், பஸ்ஸில், மகனின் வாயில். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் ஃபாஸ்ட்டாக வேண்டும்.

தேவாலயத்தின் நிலவறையில் ஆங்கில வகுப்பு. பகலெல்லாம் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளே என்று மகன்தான் சேர்த்துவிட்டான்.

மிஸ் நான்கு விரல்களை விரித்துக் காட்டினார். ஒரே சொல், நான்கு அர்த்தம்.

நின்ற இடத்திலேயே ஓடினார். விரைவு.

இல்லாத சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். விரதம்.

சால்வையைக் கதிரையில் முடிந்து இழுத்தார். கதிரை வந்தது, முடிச்சு அவிழவில்லை. இறுக்கம்.

பிறகு மேசையில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினார். முன்வரிசைக்காரர் ஒருவர் புத்தகத்தைத் தொப்பென்று போட்டார். மிஸ் அசையவில்லை. வகுப்பு சிரித்தது.

"ஃபாஸ்ட் அஸ்லீப்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அவள் சிரிக்கவில்லை.

இதே இரண்டு சொற்களை அவளிடம் முன்பே ஒருத்தி சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரித் தாதி. கட்டிலில் கிடந்த அவள் கணவரைக் காட்டி, மெல்லச் சொன்னாள். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அஸ்லீப் தெரியும். ஃபாஸ்ட்டும் தெரியும்.

அவசர நித்திரை. இப்போது எழும்பிவிடுவார்.

எழும்பினால் பசிக்குமே என்று கஞ்சி காய்ச்ச வீட்டுக்கு ஓடினாள். திரும்பும்போது பனியில் பஸ் நின்றுவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

அவர் போய்விட்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் மனதுக்குள் அவர் கண் விழிக்கிறார். தண்ணீர் கேட்கிறார். பக்கத்துக் கதிரையைப் பார்க்கிறார்.

கதிரையில் யாருமில்லை.

இதை அவள் மகனிடம்கூடச் சொன்னதில்லை.

பக்கத்தில் இருந்த மயூரதியின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, மிஸ் என்ன சொல்லுறா?"

"அயர்ந்த நித்திரை அன்ரி. இடி விழுந்தாலும் தெரியாது."

"இடையில முழிப்பு வராதோ?"

மயூரதிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"பக்கத்தில ஆள் இல்லையெண்டாலும் தெரியாதோ? ஒருக்கா கேட்டுச் சொல்லும் பிள்ளை."

மயூரதி எழுந்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

அப்படி நித்திரை கொள்பவருக்கு எதுவுமே தெரியாது என்று மிஸ் தலையாட்டினார். அன்ரிக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் கன்னத்தை மேசையில் சாய்த்தார்.

கண்கள் மூடின. மூச்சு சீராக வந்தது. இமை ஆடவில்லை. முகத்தில் தேடல் ஏதும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தபடி ஒரு தடித்த புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கினார்கள்.

அவள் சட்டென்று திரும்பினாள்.

உதட்டில் விரலை வைத்தாள்.