மேரிசெல்வியின் வேன்

பழைய வேனின் கூரையை அளந்துவிட்டு ஷஃபி கீழே இறங்கினான். கோட்டக்குப்பத்தில் சோலார் வேலை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். குடும்பத்தோடு டூர் போகத்தான் வேன் தயாராகிறது என்று நினைத்துக் கேட்டான்.

"ஏசி, டிவி, மிக்ஸி... எதெது ஓடணும்க்கா? அதை வெச்சுதான் பேட்டரி சைஸ் சொல்ல முடியும்."

"அதெல்லாம் வேணாம் தம்பி. தண்ணி மோட்டாரு, ரெண்டு ஃபேனு, லைட்டு. ஆனா பகல் முழுக்க மோட்டார் நிக்கவே கூடாது" என்றாள் மேரிசெல்வி.

"ஏசி இல்லாம டூரா? புள்ளைங்க அழுவும்க்கா."

"மோட்டாருக்கு மட்டும் கணக்குப் போடு."

அவள் பிடிவாதம் அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. "சரி, மொதல்ல எங்க போறீங்க? ஊட்டியா?"

"மரக்காணம் உப்பளத்துக்கு. அங்கயேதான் நிக்கும்."

"அங்க பாக்க என்னக்கா இருக்குது?"

"பாக்க இல்ல தம்பி. அங்க வேலை செய்யற பொம்பளைங்க ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதுக்குப் பயந்தே நாளெல்லாம் தண்ணி குடிக்க மாட்டாங்க. எங்கம்மா அப்படித்தான் கிட்னி போயி செத்தாங்க. இதுக்குள்ள ரெண்டு கக்கூஸ் வெக்கப் போறேன்."

ஷஃபி டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூரைமேல் ஏறினான்.

"அளந்துட்டியே தம்பி?"

"இன்னொரு பேனலுக்கு எடம் பாக்கறேன்க்கா. குடிதண்ணிக்கு ஒரு கூலர் வெப்போம். இனிமே குடிப்பாங்க இல்ல?"