அரசப்பன் படம்

என் மகன் அரசப்பனை மிராசுதார் குத்தகை வயலில் வெட்டிப்போட்டு ஆறு வருஷம். பாம்புக்கடி என்று எழுதி போலீஸ்காரர்கள் கேஸை மூடிவிட்டார்கள்.

"கேஸ் போட்டோவெல்லாம் காணோம், பெரியவரே. ஒண்ணு கிடைச்சாலும் மிராசுதார் உள்ளே," என்றார் புது இன்ஸ்பெக்டர்.

"தொலைப்பீங்கன்னு தெரிஞ்சுதான், போலீசுக்காகப் பிணத்தைப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரன்கிட்ட அன்னைக்கே ஒரு காப்பி வாங்கினேன்."

"பெரிய ஆளுய்யா நீங்க!" ஜீப்பிலேயே வீட்டுக்கு வந்தார்.

என் பெண்சாதி வேம்பு சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

பார்த்தவர் முகம் சுருங்கியது. "கழுத்து வெட்டு எங்கய்யா?"

"வெட்டோட பிள்ளையை எப்படிங்க மாட்டுறது?" என்றாள் வேம்பு. "ஸ்டுடியோக்காரர்தான் அது மேல மாலை வரைஞ்சு, கண்ணையும் திறந்து வச்சுக் கொடுத்தாரு."

"வேற காப்பி?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் படத்தை அவளிடமே நீட்டினார்.

"உசுரோட இருக்கிற மாதிரியே இருக்கான், இல்லீங்க?" என்றாள் வேம்பு.