கைவிட்ட முகவரி

"பிணந்தின்னிக் கழுகுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கிறேன்!"

கத்திக்கொண்டே நுழைந்தாள் இனெக்கே. ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாக்லேட் தூவிக்கொண்டிருந்த யெல்மர் நிமிர்ந்தான். நெதர்லாந்தின் டெவென்டர் ஊரில் அவன் பிழைப்பே இதுதான். காலாவதியான இணையதளப் பெயர் சந்தைக்கு வந்த நொடியே கவ்விப் பிடித்து, கேட்டவர்களுக்கு விற்பது.

"உட்காருங்க மேடம். எந்தப் பெயர்?"

"பெண்கள் காப்பகத்தோட பெயர். அடி உதை தாங்காம ஓடிவர்ற பொண்ணுங்க இடம்ப்பா அது! அதுலயும் காசு பார்க்கணுமா?"

"அதை நீங்கதானே விட்டீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. இன்னொரு காப்பகத்தோடு சேர்ந்து புதுப் பெயர் வைத்ததும், பழைய பெயருக்கு ஆண்டுச் சந்தா தண்டம் என்று நிர்வாகக் குழு வெட்டிவிட்டது. தலைவி இனெக்கேதான். முதலில் கை தூக்கியதும் அவள்தான். ஒரு கேக் வாங்கும் காசு மிச்சமாயிற்று.

ஆனால் பெண்கள் கழிப்பறைக் கதவுகளில் ஒட்டிய ஸ்டிக்கரில் இன்னும் பழைய பெயரில் இருந்த மெயில் முகவரிதான். உதவி கேட்பவர்கள் எழுதுவது அதற்குத்தான். யாரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்று பழக்கதோஷத்தில் டாக்டரும் வக்கீலும் எழுதுவதும் அதற்குத்தான். புத்தி வந்து மீட்கப் போனால், கெடு முடிந்து பெயர் இவன் கையில்.

"எவ்வளவு வேணும்? சொல்லித் தொலை."

"இது விக்கிறதுக்கில்லை."

"விலையை ஏத்தப் பார்க்கிறியா? நீயெல்லாம் அக்கா தங்கச்சியோட பிறக்கலையா?"

யெல்மர் ரொட்டியைத் தள்ளி வைத்தான்.

"காசு வேணாம் மேடம். இப்பவே உங்க பேருக்கு மாத்திடறேன். வந்த மெயில் ஒண்ணையும் நான் திறக்கலை. இன்னொரு தடவை மட்டும் விட்டுடாதீங்க."

இனெக்கேவுக்குக் கோபம் இறங்கவில்லை.

"அவ்வளவு நல்லவன் எதுக்குய்யா இதைப் பிடிச்சே?"

"பிடிச்சுக் குடுன்னு ஒருத்தர் முன்பணம் கட்டினாரு. 'பேர் என் கைக்கு வந்தா, அந்த மெயிலெல்லாம் எனக்குத்தானே வரும்?'னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. என் பேர்ல பிடிச்சுக்கிட்டு, கை நழுவிப்போச்சுன்னு அவர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"யாரு அது?"

சொன்னான்.

காலையில்தான் இனெக்கே, காப்பகத்தில் தாடை எலும்பு உடைந்த ஒருத்திக்கு ஸ்ட்ரா வைத்து சூப் புகட்டிவிட்டு வந்திருந்தாள்.

அந்தப் பெண்ணின் கணவன் பெயர் அது.