நிறத்துக்கு வைத்த பேர்

"நம்ம ஆப்ல பின்னணியைக் கறுப்பாக்கி டார்க் தீம் போட்டா பாதி எழுத்து காணாமப் போச்சே, இப்ப எப்படிச் சரியாச்சு?" என்று கேட்டார் டீம் லீடர்.

புதிதாகச் சேர்ந்தவன் எழுந்து நின்றான். "புரோகிராம்ல நிறத்தோட பேரை எடுத்துட்டு, அது செய்யற வேலையைப் பேரா வச்சேன் மேடம். சிவப்புக்கு 'எச்சரிக்கை', பச்சைக்கு 'முடிஞ்சது'. ஒவ்வொரு பேருக்கும் வெள்ளைப் பின்னணிக்கு ஒரு நிறம், கறுப்புக்கு ஒரு நிறம். ஒரே இடத்துல மாத்தினா எல்லா பட்டனும் மாறிடும்."

"பிரமாதம். இனிமே ஆப்போட நிறமெல்லாம் உங்க பொறுப்பு."

அவன் முகம் வாடிவிட்டது. "வேற யாருக்காவது கொடுத்துடுங்க மேடம்."

"ஏன்?"

"இன்டர்வியூல ஒண்ணை மறைச்சுட்டேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும்."

அவர் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லா நிறமும் தெரிஞ்ச நாங்க ஆறு பேரு மூணு வருஷமா இதைப் போட்டுக் குழப்பினோம். நிறத்தைத் தேர்ந்தெடுக்க டிசைனர் இருக்காங்க. ஒழுங்குபடுத்தத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு. பொறுப்பு உங்களுதுதான்."

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அப்ப எச்சரிக்கைக்கு ஒரு ஆச்சரியக்குறியும் சேர்த்துடவா மேடம்? என்னை மாதிரி ஆளுங்களுக்கும் தெரியட்டும்."