தேய்ந்த பின் ஷூ

"கிறீச்சுனு கேட்டு ஊரே காதப் பொத்திக்குது மாப்ள. இதுக்குப் பேரு பிரேக்கா?" என்றார் மெக்கானிக். அவருடைய தங்கையின் கணவர் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். நாளை தங்கை கைக்குழந்தையோடு இந்தக் காரில்தான் மலைப்பாதையில் இறங்க வேண்டும்.

மெக்கானிக் காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றினார். உள்ளே எதிரெதிராக இரண்டு பிறை போல பிரேக் ஷூக்கள். கார் முன்னால் போகும்போது சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதனால் அதுதான் முதலில் தேயும்; பின்னாலேயே ஓட்டினால்தான் பின் ஷூ முந்தும். இங்கே முன் ஷூ புத்தம்புதிதாக இருந்தது. பின் ஷூ இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது.

"ஆபீசுக்குப் பின்னாடியேதான் ஓட்டிட்டுப் போவீங்களோ? கல்யாணத்தப்பவே உங்க லட்சணத்தச் சொன்னேன், எங்க வீட்ல யாரு கேட்டா?"

"ரிவர்ஸ்ல வாசலக்கூடத் தாண்டினதில்ல மச்சான்."

"அப்ப காக்கா கொத்திருக்கும்."

புது ஷூக்களைப் பொருத்தி டிரம்மை மூடிவிட்டு, இருவரும் கை கழுவப் போனார்கள். காரிலிருந்து அதே கிறீச் சத்தம் கேட்டது; ஓடி வந்தார்கள்.

இந்தச் சின்னக் காரில் எஞ்சின் முன்சக்கரங்களைத்தான் சுழற்றும்; பின்சக்கரங்கள் சும்மா கூட வருபவை. எஞ்சினும் அணைந்தே இருந்தது. இடது டிரம் பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது.

மெக்கானிக் கதவைத் திறந்தார். ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் பிரேக் பெடல் அடிவரை அமுங்கியிருந்தது. டிரம் நின்றது. பிறகு பெடல் மெல்ல மேலே வந்தது.

டிரம்மைக் கழற்றிப் பார்த்தார். புதுப் பின் ஷூவிலும் இரும்பு தெரிந்தது.

"தங்கச்சி பஸ்ல போகட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு ஜோடி ஷூவை எடுத்தார்.

"இன்னும் எதுக்கு மச்சான்?"

"உள்ள மிதிக்கிறவங்களுக்கு பிரேக் பிடிக்க வேணாமா, மாப்ள?"