வெட்டாமல் வைத்த செங்காய்

"செங்காய்னா காயா, பழமா? எதுல எழுத?"

"ரெண்டும் இல்ல மேடம். காம்புகிட்ட மட்டும் மஞ்சள் தட்டியிருக்கும். பறிச்சு வச்சா மூணே நாள்ல பழுத்துரும்."

"வெம்பினது?"

"அது அவசரப்பட்டது. நிறம் இருக்கும், இனிப்பு இருக்காது."

மாம்பழ ஆராய்ச்சிப் பண்ணையில் சண்பகவல்லி வேலைக்குச் சேர்ந்த அன்று மாசானமுத்துவோடு பேசிய பேச்சு அது. ஆறு பருவம் ஓடிவிட்டது. வடு, காய், செங்காய், பழம் என்று நிலைக்கு ஒன்றாக அவன் மரமேறிப் பறித்துத் தருவான். அவள் எடைபோட்டு, வெட்டி, சாற்றை அளந்து எழுதுவாள். சீட்டுக் கட்டிய பழத்தை யாரும் தின்னக்கூடாது என்பது பண்ணை விதி. ஒவ்வொரு பருவத்திலும் அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். அவளும் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். "தராசு சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டுவிட்டு அவன் மறுபடி மரமேறிவிடுவான்.

இன்று, புதன்கிழமை, இந்தப் பருவத்தின் கடைசிச் செங்காயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவள் கத்தியை எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வாராங்க."

அவன் வாயெடுத்தான். பார்வை தராசுக்குப் போனது.

"தராசு நல்லாத்தான் இருக்கு" என்றாள் சண்பகவல்லி. சீட்டின் நூலை அவிழ்த்து, காயை அவன் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள்.

"சனிக்கிழமை பழுத்துரும்லா? வெத்தல பாக்கோட ஒரு தட்டுல வச்சு, உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க."