நடுவர் திரும்பிய நேரம்

“அநியாயம்டா இது! அவனுக்கு மட்டும் விசிலே கிடையாதா?”

டிவி முன்னால் உட்கார்ந்து கத்தினார் கோச். மகளுடைய ஹாக்கி கேம். அவள் டியூஷன் போனால் போதும், கன்ட்ரோலர் இவர் கைக்கு வந்துவிடும். இன்று அவள் உள்ளே இருப்பதுகூட மறந்துபோச்சு.

எதிரணி முழுக்கக் கம்ப்யூட்டர். அதில் ஏழாம் நம்பர் சட்டைதான் இவர் உயிரை எடுத்தது. நடுவர் முகம் திரும்பினால் உடனே இவருடைய ஆளின் கணுக்காலில் ஸ்டிக்கால் ஒரு போடு. விசில் இல்லை.

பதிலுக்கு இவர் லேசாகத் தட்டினார். மஞ்சள் அட்டை!

அதோடு போச்சா? இவர் எங்கே பாஸ் கொடுக்கலாம் என்று நினைக்கும்போதே அது அங்கே போய் நின்றது. தெரிந்த ஆள் யாரோ உள்ளே உட்கார்ந்து ஆடுகிற மாதிரி.

சட்டென்று பிடிபட்டது.

“ஏய், இங்க வா!”

மகள் வந்து நின்றாள்.

“ஆடுறவங்களைப் பார்த்துத்தான் இந்த கேம் கத்துக்கும்னு சொன்னே இல்ல?”

“ஆமாப்பா.”

“அப்போ இது உன் ஆட்டம். பிராக்டீஸ் மேட்ச்ல என்னமா அழுதே! ‘நான் அடிக்கலப்பா, அவதான் அடிச்சா’ன்னு. பெத்த பொண்ணுன்னு பார்க்காம உன்னை டீமை விட்டுத் தூக்கினேன் பாரு, அது நூத்துக்கு நூறு சரி. நாளைக்கு டீம் போட்டிக்குக் கிளம்பும். நீ வீட்லயே கிட.”

அவள் சண்டை போடவில்லை.

“ஒவ்வொருத்தர் ஆட்டத்தையும் அது தனித்தனியா வெச்சுக்கும்ப்பா. நீங்க ஒளிஞ்சு ஆடுறது தெரியும். அதான் உங்களுக்கும் ஒரு பேர் போட்டு வெச்சேன். அந்த ஏழாம் நம்பர் தலைக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘அப்பா’.

“இவ்வளவு நேரமும் உங்ககூடதான் ஆடிட்டு இருந்தீங்க.”

கோச் கண்ணாடியைக் கழற்றினார். ஆனாலும் வீம்பு விடுமா?

“மெஷின் என்னத்தைக் கண்டுச்சு! உன்னோடதைப் போடு, அதையும் பார்த்துடுவோம்.”

போட்டாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. நடுவர் அந்தப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், கோச்சின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலே அழுத்திவிட்டது. இப்போது மகளின் ஆட்டத்தை ஆடும் ஏழாம் நம்பரின் முழங்காலில் பலமான அடி.

அது சுருண்டு விழுந்தது. மெதுவாக எழுந்தது. திருப்பி அடிக்கவில்லை. பந்து அதன் காலடியிலேயே உருண்டு போனது, அதையும் தொடவில்லை. மற்றவர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, அது மட்டும் நட்டுவைத்த மாதிரி நின்று நடுவர் முகத்தையே பார்த்தது.

விசில் வரவில்லை. அது பார்ப்பதையும் நிறுத்தவில்லை.

“அன்னிக்கு பிராக்டீஸ் மேட்ச்ல நீங்கதானே நடுவர்? நானும் இப்படித்தாம்ப்பா நின்னு உங்களைப் பார்த்தேன்” என்றாள் மகள்.